கிணற்றுக்கு முந்தின பக்கம்

"சென்னம்மா அத்தை வந்திருக்காங்களா?"

அம்பாசடர் காரை விட்டு இறங்கியதும் தெய்வநாயகி கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கடைசி வரிசையில உக்காந்திருக்குதுங்க" என்றார் நெசவாளர் சங்கத் தலைவர் செங்கோடன். "நீங்க பயப்படாதீங்க. சத்தம் கித்தம் போட்டா வெளிய கூட்டிட்டுப் போயிரச் சொல்லியிருக்கறேன்."

தெய்வநாயகி இடுப்பிலிருந்த மகளை இறுக்கிக்கொண்டாள்.

சென்னம்மாள் பக்கத்து வீடு. அவள் மகள் சௌந்திரமும் தெய்வநாயகியும் ஒரே வயசு. இவள் சேலத்துக் கான்வென்டுக்குப் பஸ் ஏறினாள். அவள் தறிக்குழியில் இறங்கினாள். பேசி முடித்த கல்யாணம் முறிந்த மறுநாள், தறியில் சேலை பாதியில் நிற்க, சௌந்திரம் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள்.

அதைத்தான் தெய்வநாயகி 'பாதிச் சேலை' என்று எழுதினாள். பேரை மட்டும் மாற்றினாள். "கடைசியில அந்தப் பொண்ணு பிழைச்சுக்கட்டுமே" என்று பதிப்பாளர் கெஞ்சியும் ஒப்பவில்லை. வாரப் பத்திரிகையில் சிறுகதை எழுதிக்கொண்டிருந்தவளை நாவலாசிரியை ஆக்கியதும், இந்த வருஷத்துப் பெரிய பரிசை வாங்கித் தந்ததும் அந்த முடிவுதான்.

புத்தகம் வந்த பிறகு சொந்த ஊரான ஆட்டையாம்பட்டிக்கு, சங்கம் நடத்தும் பாராட்டு விழாவுக்காக, இன்றைக்குத்தான் வருகிறாள்.

"செத்தது ஒருத்தி, மாலை இன்னொருத்திக்கு" என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னது மேடை வரை கேட்டது.

செங்கோடன் மைக்கைப் பிடித்தார். "நம்மூர்ப் புள்ளை எழுத்துல ஒரு சொல்லு பொய் இருக்காதுங்க!"

கைதட்டினார்கள்.

தெய்வநாயகியும் அதையே சொன்னாள். "எது நடந்தாலும் எழுத்துல நான் பொய் சொல்ல மாட்டேன்."

கூட்டம் கலைந்ததும் சென்னம்மாள் நேராக மேடையேறி வந்தாள். செங்கோடன் குறுக்கே நின்றார்.

"நகருங்க, தலைவரே. நாலு வார்த்தை பேசிட்டுப் போயிர்றனுங்க."

தெய்வநாயகி குழந்தையை முந்தானையால் மூடினாள். சென்னம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நான் ஒண்ணும் மண்ணை வாரித் தூத்த வரல, அம்முணி. புள்ளைக்கு மூச்சு முட்டுது பாரு, துணியை எடு."

"அத்தை... எம்மேல கோவமா?"

"எதுக்குக் கோவம்? எதுத்த ஊட்டு நல்லம்மா மக தெனமும் உன் புஸ்தகத்தை எனக்கு வாசிச்சுக் காட்டறா. அப்படியே எம் புள்ளைதான். தறியில உக்காந்துட்டே பாடறது, நான் வஞ்சா வாயைப் பொத்திட்டுச் சிரிக்கறது... பெத்தவ நானே மறந்துட்டேன். நீ மறக்கல."

தெய்வநாயகி குழந்தை மேலிருந்த முந்தானையை விலக்கினாள்.

"அவ கொடத்தை எடுத்துட்டுக் கெணத்துக்குக் கெளம்பற பக்கம் வந்தா, 'போதும், மூடு'ன்னுருவேன். மறுநா முதல்ல இருந்து வாசிப்பா. அந்தப் பக்கம் வரைக்கும் அவ ஊட்டுலதான இருக்கறா? தறியில அந்தச் சேலையைக்கூட நான் இன்னும் அறுக்கல."

சென்னம்மாள் கொஞ்சம் கிட்டே வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். அதுக்கு மேல என்ன எழுதியிருக்கறே? போனவ திரும்பி வாராளா?"

செங்கோடன் வேறு பக்கம் பார்த்தார். தெய்வநாயகி மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

"வந்துர்றா அத்தை. தண்ணி எடுத்துட்டு வந்து, மிச்சச் சேலையையும் நெய்து முடிச்சுர்றா."

சென்னம்மாள் குழந்தையின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் வைத்து நெட்டி முறித்தாள். படியிறங்கப் போனவள் திரும்பினாள்.

"இவ்வளவு நல்லாப் பொய் சொல்ல வருதே, சாமி. அதைப் புஸ்தகத்துலயே சொல்லியிருக்கக் கூடாதா?"