உண்மை விளம்பி

எப்படிச் சொன்னாலும் தப்பாத்தான் போய் முடியும் என்று பொன்மணிக்குப் பயமாக இருந்தது. முதலிலிருந்து சொன்னால் தம்பி பாண்டிதுரை சிரிப்பான். முடிவை மட்டும் சொன்னால் மகள் ஜெயசித்ரா அழுவாள். நடுவில் ஆரம்பிக்கலாம் என்றால், நடுவில் இருப்பதெல்லாம் அசிங்கம்.

சொல்லாமலும் இருக்க முடியாது. பாண்டிதுரை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏட்டு. காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் ராஜபாளையத்துக்கு வண்டியை விட்டு வந்து, போனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யாருக்கா இந்த 'உண்மை விளம்பி'? நம்ம ஜெயசித்ரா வீடியோ போட்ட அன்னைக்கே வந்து வையுதான்?"

"எனக்கென்னலே தெரியும்?" வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஜெயசித்ரா ஸ்கேன் சென்டரில் பில் போடுகிறவள். வாராவாரம், முகத்தைக் காட்டாமல், ஜப்பான்காரன் பொம்மைப் படங்களைப் பற்றி யூடியூபில் பேசுவாள். எந்த அனிமே நல்லது, எது குப்பை, மாங்கா புத்தகத்தில் இருந்த எதைப் படத்தில் கெடுத்தான் என்று. மாமாவிடம் அவள் சொன்னதில்லை. அவனாகத்தான் ஒருநாள் குரலை வைத்துக் கண்டுபிடித்தான். கீழே கிடந்த வசவையும் படித்துவிட்டான்.

ஒரு வீடியோவைத் தட்டினான்.

"'இரும்புச் சிறகு' முதல் சீசன் தங்கம். ரெண்டாவது சீசன்ல வில்லனுக்கு ஒரு அழுகாச்சி பிளாஷ்பேக் குடுத்து நாசமாக்கிட்டாங்க. மாங்காவுல ஒரு வார்த்தை இல்லாமப் பக்கம் பக்கமா மழை பெய்யும். அனிமேல அந்த இடத்துல பாட்டு! ஏன்யா, மழை பெய்யும்போதுகூட வாயை மூட மாட்டீங்களா?"

"நல்லாத்தான பேசுறா!" என்றான் பாண்டிதுரை. "இதுக்குப் போயி எப்படி எழுதியிருக்கான் பாரு. 'வேலைவெட்டி இல்லாத கழுதை. கல்யாண வயசுல பொம்மை பாக்கவளை எவன் கட்டுவான்?'"

பொன்மணி தரையைப் பார்த்தாள்.

எழுதியது அவள்தான்.

சேத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு ஊர் உலகத்துக்கே பொம்மைக் கதை சொல்லுதாமே" என்று கேட்டுவிட்டு, வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். நிறுத்துடி என்றால் மகள் கேட்கவில்லை. நாலு பேர் திட்டினால் தானாக நிறுத்துவாள் என்று பொன்மணி நினைத்தாள். நாலு பேருக்கு எங்கே போக? ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள். வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும் என்று தெரிந்ததும், நாலு பேர் வேலையையும் அவளே பார்த்தாள்.

திட்டுவதற்கு எதையாவது பிடிக்க வேண்டுமே என்று வீடியோவைக் கடைசிவரை கேட்டாள். அப்படியே அந்தப் படங்களையும் பார்க்க ஆரம்பித்தாள்.

"இதைக் கேளுக்கா. 'அந்தச் சமையல்காரன் பொண்டாட்டியை விட்டுட்டுச் சண்டைக்குப் போனது தப்புன்னு லேசாச் சொல்லிட்டே. அவன் வீட்டு அரிசிப் பானையைப் பாத்தியா? காலி. போகாம என்ன செய்வான்?' இவன் வைய வந்தானா, கதை பேச வந்தானா?"

"கிறுக்கன் போல."

"இது இன்னும் கூத்து. 'தொண்டை கரகரன்னு இருக்கு. பாலுல மிளகைத் தட்டிப் போட்டுக் குடிச்சிட்டுப் பேசித் தொலை.' மெரட்டுதானா, என்ன எழவு இது?"

பொன்மணிக்குக் காது சுட்டது. அன்றைக்கு மகளோடு பேச்சுவார்த்தை இல்லை. பாலைக் காய்ச்சிக் கொடுக்க வீம்பு விடவில்லை. அங்கே போய் எழுதிவிட்டாள்.

"எவனா இருந்தா என்ன? நாளைக்கு சைபர் கிரைம்ல குடுத்துருதேன். நம்பர், வீடு, தெரு அம்புட்டும் வந்துரும். செவுட்டுல நாலு வச்சா அடுத்த பொம்பளப்புள்ளைய வைய மாட்டான்."

"ஏலே பாண்டி..." பொன்மணி எழுந்தாள். "நான் ஒண்ணு சொல்லணும்."

வாசலில் செருப்புச் சத்தம். ஜெயசித்ரா உள்ளே வந்தாள். மாமாவின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"புகாரெல்லாம் வேண்டாம் மாமா."

"ஏட்டி, இம்புட்டுக் கேவலமா வஞ்சிருக்கான்!"

"அவன் இல்ல, அவங்க. எங்கூட வேலை பாத்த ஒரு அக்காதான்." ஜெயசித்ரா பையை ஆணியில் மாட்டினாள். "நேத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க. மன்னிப்புக் கேட்டாங்க. நானும் விட்டுட்டேன்."

"பேரைச் சொல்லு. சும்மா கூப்பிட்டு விசாரிக்கேன்."

"பேரெல்லாம் எதுக்கு? அவங்களுக்கும் மானம் இருக்குல்ல."

"மானம் இருக்கவ எழுதுற எழுத்தா இது!" பாண்டிதுரை முனகிக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்தான். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

பொன்மணி அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். நேற்று அவள் வாசல்படியைத் தாண்டவில்லை. யார் கையையும் பிடித்து அழவில்லை. மன்னிப்பு என்ற சொல்லே அவள் வாயிலிருந்து வரவில்லை.

பின்னாலேயே மகள் வந்தாள். நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"மாமாகிட்ட என்னமோ சொல்ல வந்தியேம்மா. எங்கிட்ட சொல்லேன்."

குரலில் கோபம் இல்லை. அதைத்தான் பொன்மணியால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணுமில்லடி" என்று சொல்லிவிட்டு, ஜாருக்குள் எதுவும் போடாமலே மிக்ஸியை ஓடவிட்டாள்.