இருட்டில் ஒரு விருந்து

"போன், கைக்கடிகாரம், மின்னுறது எதுவா இருந்தாலும் இந்தப் பெட்டியில போட்டுடுங்க" என்றான் வழியை மறித்து நின்ற கறுப்புச் சட்டைக்காரன்.

எட்னா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "டொரான்டோவுல வழிப்பறி உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவ்வளவு மரியாதையா பண்ணுவாங்கன்னு தெரியாது."

"வழிப்பறி இல்லை எட்னா, ஓட்டல்" என்றாள் மருமகள் மார்னி. "உள்ளே கும்மிருட்டு. இருட்டுலயேதான் சாப்பிடணும். பரிமாறுறவங்க எல்லாருமே பார்வையில்லாதவங்க. கண்ணுக்கு வேலை இல்லைன்னா நாக்குக்கு ருசி கூடுதலாத் தெரியுமாம்."

"எங்க ஊரு டிம்மின்ஸ்ல பனி கொட்டினா எங்களுக்கும் கரண்ட் போயிடும். அதுக்கெல்லாம் நாங்க யார்கிட்டயும் காசு வாங்கறதில்லை."

மகன் கிளென் சிரித்தான். ஆறடி ஆள்தான், ஆனாலும் மனைவியின் முறைப்பைப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே விழுங்கிவிட்டான்.

வெளியூர் விருந்தாளிகளை அழைத்துப்போக வினோதமான ஓட்டல் வேண்டுமென்றால், அலுவலகத்தில் எல்லோரும் மார்னியிடம்தான் வருவார்கள். நகரத்தின் மூலை முடுக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மாமியாரிடம் மட்டும் அவள் ஜெயித்ததே இல்லை.

முன்பு ஒருமுறை வந்தபோது, பொம்மை ரயில் மேசைமேல் ஓடிவந்து தட்டுகளை இறக்கிய இடத்தில், "ரயில் லேட்டு" என்றாள் எட்னா. வாடிக்கையாளர்களை வேண்டுமென்றே திட்டும் ஓட்டலில், "இதை உன் மாமனார் வீட்டுலயே ஓசியில செய்வாரே" என்றாள்.

அந்த மாமனார் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். அம்மாவைத் தங்களோடே வைத்துக்கொள்ளலாம் என்று கிளென் கெஞ்சிக்கொண்டிருந்தான். முந்தைய நாள்கூட சமையலறையில் அதே பேச்சுதான்.

"கல்யாணமானதுலேர்ந்து ஒரு வார்த்தை நல்லாயிருக்குன்னு சொன்னதில்லை கிளென். எப்பவாவது வந்தா பல்லைக் கடிச்சுக்கலாம். தினமும்னா?" என்று பொருமினாள் மார்னி. எட்னா ஊருக்குக் கிளம்புவதற்குள் மார்னி முடிவு சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தாள். முடிவு என்னவென்று கிளென்னுக்கும் தெரியும்.

பரிமாறும் வெஸ்லியின் தோளைப் பிடித்தபடி மூவரும் வரிசையாக உள்ளே போனார்கள். தன் கை தனக்கே தெரியாத இருட்டு. அம்மா பக்கத்தில் மகன், எதிரே மருமகள் என்று உட்கார வைத்துவிட்டுப் போனார் வெஸ்லி.

முதலில் வந்ததை எட்னா உறிஞ்சினாள். "இது சூப்பா, இல்லை கை கழுவக் குடுத்த தண்ணியா?"

சற்று நேரத்தில் கிளென் வெஸ்லியைக் கூப்பிட்டுக் கழிவறைக்குப் போனான்.

அவன் போன கையோடு மார்னியின் முழங்கை பட்டுத் தண்ணீர் தம்ளர் கவிழ்ந்தது. அவள் நாற்காலி முழுக்க ஈரம். மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே சுற்றிவந்து கிளென்னின் இடத்தில் உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது.

"வந்துட்டியா கிளென்? அவ எங்கே, சத்தத்தையே காணோம்?"

நான்தான் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள் மார்னி. ஏதோ ஒரு குறும்பு தடுத்தது. தொண்டையைக் கனமாக்கி, "ம்" என்றாள்.

எட்னா துழாவி அவள் கையைப் பிடித்தாள். தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, விரல்களை மெல்லத் தடவினாள்.

"உங்க வீட்டுச் சுவரு காகிதம் மாதிரிப்பா. நேத்து நீங்க ரெண்டு பேரும் பேசினது எனக்குக் கேட்டுச்சு. அவ சொன்னதுல தப்பே இல்லை. நான் ஒரு தடவைகூட நல்லாயிருக்குன்னு சொன்னதில்லை. சொன்னா புதுசு புதுசா ஓட்டல் தேடறதை நிறுத்திடுவாளோன்னு பயம்."

எட்னா அந்தக் கையை விடாமலே தொடர்ந்தாள்.

"ஊருக்குப் போனா மாசக்கணக்குல எனக்கு இதே பேச்சுதான். சர்ச்சுல அந்த ரயில் ஓட்டல் கதையை எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. அவங்க மருமகளுங்க மிச்சம் மீதியைச் சூடு பண்ணி வைக்கறவளுங்க. எனக்குன்னு ஒருத்தி ஊரெல்லாம் அலைஞ்சு ஓட்டல் தேடறா. வயித்தெரிச்சல்ல ஒருத்தி என்கூடப் பேசறதையே நிறுத்திட்டா."

எட்னா அந்தக் கையை மெல்லத் தட்டினாள்.

"இங்கேயே வந்துட்டா நான் வீட்டு ஆளு. வீட்டு ஆளுக்கு எவளாவது ஓட்டல் தேடுவாளா? எனக்கும் மிச்சம் மீதிதான். நான் விருந்தாளியாவே வந்து போயிட்டிருக்கேன். என்னை வெச்சு நீங்க சண்டை போட்டுக்க வேண்டாம், என்ன?"

"ம்" என்றாள் மார்னி. இந்த முறை குரல் தானாகவே கனத்தது.

தூரத்தில் வெஸ்லியின் குரல் கேட்டதும் கையை உருவிக்கொண்டு, மறுபடி தடவித் தடவித் தன் ஈர நாற்காலிக்கே போய்ச் சேர்ந்தாள். கிளென் வந்து உட்கார்ந்தான். அதன்பின் வந்தது மீனா கோழியா என்று அவனும் எட்னாவும் வாதாடினார்கள். மார்னிக்கு எதுவும் காதில் விழவில்லை.

சாப்பிட்டு வெளியே வந்ததும் தெருவிளக்கின் வெளிச்சத்தில் கண் கூசியது. கிளென் காரை எடுத்துவரப் போனான். எட்னா மேல்கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மார்னி நெருங்கி வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "எட்னா, நான் ஒண்ணு கேக்கறேன். மறுக்கக் கூடாது. நீங்க எங்களோடவே வந்து இருந்துடுங்களேன்."

எட்னா தலையை நிமிர்த்தாமலே கடைசிப் பொத்தானைப் போட்டாள்.

"வேண்டாம்னுதானேடி உள்ளே அவ்வளவு நேரம் உன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்?"