நாலு மணி வரைக்கும்

மணி இரண்டரை. நீதிபதி இருமல் மிட்டாயைச் சப்பும் சத்தம், மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சுருக்கெழுத்தருக்குத் தெளிவாகக் கேட்கிறது. பதினெட்டு வருடமாக நீதிபதி சொல்லச் சொல்லத் தீர்ப்பு எழுதிய கை சுருக்கெழுத்தருடையது. அந்தத் தீர்ப்புகளில் ஒரு கமாகூட இரவல் இல்லை. அடுத்த வாரம் நீதிபதிகளின் பதவி உயர்வுப் பட்டியல் வரப்போகிறது. இன்று காலை இந்த வழக்கின் தீர்ப்பே ஓர் உறையில் வந்தது. "நம்ம கோர்ட்டு தலைப்பை மட்டும் போட்டு வச்சிருங்க" என்றார் நீதிபதி, முகத்தைப் பார்க்காமல். யாரோ தட்டச்சு செய்த நாற்பது பக்கம், இப்போது சுருக்கெழுத்தரின் மேஜை இழுப்பறையில் செத்த எலி மாதிரி கிடக்கிறது. எதிரே, ஆலைக் கழிவால் கிணறு கெட்டுப்போன ஊருக்காக ஓர் இளம் வக்கீல் தொண்டை வறள வாதாடுகிறாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். ஜன்னல் வெயில் அதன் கறுப்புக்குள் புக முடியாமல் நிற்கிறது. "ரொம்ப நேரம் எடுத்துக்கறேன், மன்னிக்கணும் ஐயா" என்கிறாள். நீதிபதி மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, பெற்ற தகப்பன் மாதிரிச் சிரிக்கிறார். "அவசரமே இல்லம்மா. நாலு மணி வரைக்கும் பொறுமையா கேக்கறேன்." சுருக்கெழுத்தரின் கையில் ஓடிக்கொண்டிருந்த பென்சில் நின்றுவிடுகிறது. இழுப்பறையில் கிடக்கும் தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே அது அச்சாகியிருக்கிறது: 'இரு தரப்பு வாதங்களும் மாலை நான்கு மணி வரை பொறுமையாகக் கேட்கப்பட்டன.'