பன்

வாசலில் கிடத்தியிருந்த சவரிமுத்துவின் உடலருகே போய், அவன் வாயை வீட்டு நாய் விடாமல் நக்கியது. யாரோ கம்பை ஓங்கினார்கள்.

"அடிக்காதீங்க," என்றாள் அவன் மனைவி லூர்தம்மாள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அவள் தம்பி அருகில் உட்கார்ந்தான். "பசிச்சா குட்டிங்க தாயோட வாயைத்தான் நக்கும்க்கா. தாய் தின்னதைக் கக்கிக் குடுக்கும். வளர்ந்தாலும் அந்தப் பழக்கம் போகாது."

மூன்று நாளாக அவள் புருஷனோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். நாய்க்குச் சோறு வைக்க ஆளில்லை.

பக்கத்து வீட்டுக்காரி கையில் திணித்திருந்த பன்னை லூர்தம்மாள் கடித்து மென்றாள். மென்றதை உள்ளங்கையில் துப்பி நாயிடம் நீட்டினாள். ஒரே வாயில் விழுங்கிவிட்டு, நாய் நிமிர்ந்து அவள் வாயையே பார்த்தது.

அவள் மறுபடியும் பன்னைக் கடித்தாள்.