ஊசியும் மகாராணியும்

"புருஷன் சிரிச்சா வயிறெரியற பொண்டாட்டியை இப்பத்தான் பார்க்கறேன்!"

செருப்பைக் கழற்றும்போதே நாத்தனார் ஆரம்பித்துவிட்டார். பின்னே? ஏணியிலிருந்து விழுந்து காலில் கம்பி வைத்துக்கொண்டு வந்திருக்கும் தம்பியைப் பார்த்து ஒரு பாட்டம் அழலாம் என்று வந்தால், தையல்காரத் தம்பி கட்டிலில் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"வாக்கா! நில்லு, அசையாதே! தோள் இறங்கிப் போச்சே உனக்கு. ஜாக்கெட் அளவு மாத்தணும்!" டேப் பறந்து வந்து அக்கா கழுத்தில் விழுந்தது.

ஜன்னலில் திரையைக் காணோம். அது எதிர்வீட்டு பஸ் டிரைவர் உடம்பில் சட்டையாக இருந்தது. நலம் விசாரிக்க வந்த பாவத்துக்கு, முதுகில் முறத்தளவு சூரியகாந்தி.

"கச்சிதமா இருக்கு சார்" என்றார் டிரைவர், கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்து.

"அடுத்தது வாசல் திரை. தெருவுக்கே சட்டை தைக்கப் போறேன். தூக்கமா? அதெல்லாம் சோம்பேறிங்களுக்கு!" தையல்காரர் கட்டுப் போட்ட காலைத் தரையில் ஊன்றப் போனார். மனைவி பாய்ந்து வந்து பிடித்தாள்.

"காலை ஊனக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"வலியே இல்லை! நீ போய் அக்காவுக்குக் காப்பி கொண்டா, மகாராணி!"

நாத்தனார் உருகிப் போனார். "மகாராணியாம்! என் வீட்டுக்காரர் கல்யாணமான நாள்லேர்ந்து 'இந்தா'வைத் தாண்டினதில்லை. கொடுத்து வச்சவடி நீ!"

கொடுத்து வைத்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. காப்பியாவது ஒன்றாவது, போனை எடுத்தாள்.

"டாக்டர், மகாராணின்னுட்டார்."

"உடனே கூட்டிட்டு வாங்க" என்றது போன்.

அது எலும்பு டாக்டர் இல்லை, மனசு டாக்டர். தையல்காரருக்குப் பல வருஷமாக பைபோலார். மனசு ஒரு சமயம் கூரையேறிக் கூத்தாடும், இன்னொரு சமயம் கிணற்றுக்குள் போய் உட்காரும். மாத்திரையால்தான் தரையில் நின்றுகொண்டிருந்தார்.

"சிரிக்கிற மனுஷனை ஆஸ்பத்திரிக்கு இழுக்கறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றார் நாத்தனார்.

"ஏறினா இறங்கணுமே அண்ணி. போன தடவை இறங்கினப்போ, செத்துப் போறேன்னு அழுதாரே, மறந்துட்டீங்களா? எனக்கு இவர் உயிரோட வேணும்."

சூரியகாந்தி டிரைவர் கைத்தாங்கலாகப் பிடிக்க, ஊர்வலம் கிளம்பியது. ஆஸ்பத்திரியில் தையல்காரர் டாக்டரின் இடுப்பளவை எடுத்து, "கொஞ்சம் நடங்க சார்" என்று அறிவுரையும் சொன்னார்.

டாக்டர் சிரித்துக்கொண்டே வலி மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இது மார்ஃபின் குடும்பத்து மாத்திரை. வலிக்குக் கேக்கும். ஆனா பைபோலார் இருக்கிறவங்கள்ல சில பேருக்கு மனசையும் கிளப்பி விட்டுடும். ஆபரேஷன் அன்னிக்கு வேற வியாதி இருக்கான்னு கேட்டிருப்பாங்களே?"

மனைவி நாத்தனாரைப் பார்த்தாள். அன்று அவள் தையல் கடையைப் பூட்டிவிட்டு வருவதற்குள், கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவர் அவர்தான்.

"கேட்டாங்க" என்றார் நாத்தனார், சுவரைப் பார்த்து. "இதையெல்லாம் வெளியில சொல்லுவாங்களா? குடும்ப மானம்னு ஒண்ணு இல்லையா?"

டாக்டர் பெருமூச்சு விட்டு எலும்பு டாக்டரைப் போனில் பிடித்தார். இரண்டு பேரும் பேசி வலி மாத்திரையை மாற்றினார்கள், மனசு மாத்திரையைக் கூட்டினார்கள். தையல்காரரை வார்டிலேயே படுக்க வைத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து வீடு திரும்பியவர் விசிலடிக்கவில்லை. ஜன்னலுக்குப் பழைய போர்வை திரையாகியிருந்தது. நாத்தனார் பார்க்க வந்தபோது உள்ளேயிருந்து ஓர் உறுமல் கேட்டது.

"ஏய் ஊசி! கால் விண்ணு விண்ணுங்குது. தண்ணி கேட்டு எவ்வளவு நேரமாச்சு?"

"பார்த்தியா? மகாராணின்னு தாங்கினவனை இப்படி எரிஞ்சு விழ வச்சுட்டியே! இப்ப சந்தோஷமா உனக்கு?"

"ரொம்ப அண்ணி." அவள் சிரித்தாள், கூடவே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "முதல் தடவை இந்த வியாதி வந்து தெளிஞ்சப்போ, அவரேதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார். 'புத்தியோட இருக்கிறப்போ உன்னை ஊசின்னுதான் கூப்பிடுவேன். என்னிக்காவது மகாராணின்னேன்னா அது நான் இல்லை. மயங்கிடாதே, டாக்டருக்கு போன் பண்ணு'ன்னு."

நாத்தனார் இல்லையா, விடுவாரா? உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"புத்தியோட இருக்கிறப்போ வேற நல்ல பேரே கிடைக்கலையாடா உனக்கு? ஊசியாம்!"

"நான் கத்தரிக்கோல், வெட்டத்தான் தெரியும்" என்றது உள்ளேயிருந்து சிடுசிடுப்பான குரல். "நான் வெட்டினதையெல்லாம் மறுபடி சேர்த்துத் தைக்கிறவ அவதானே. ஏய் ஊசி, தண்ணி என்னாச்சு?"