தட்டைத் திருகாணி

கண்ணாடியில் அவள் காது பழுத்த மிளகாய் மாதிரி இருந்தது.

இடது காது. மேல்மடல். குத்தி நாற்பது நாள் ஆகியும் வீக்கம் வடியவில்லை. குத்தும்போது போட்ட தோட்டின் திருகாணி சதைக்குள் அமுங்கிக் கிடந்தது.

நகைக்கடைப் பெண் தொடாமலே பார்த்தாள்.

"மேல்காது ஆற மாசக்கணக்காகும்க்கா. வளையம் வேணாம், ஆடி ஆடிப் புண்ணாக்கும். கனமும் ஆகாது."

தவசி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். காது வீங்கியவளின் கணவன். ஒவ்வொரு தோடாக எடுத்தான். முன்பக்கத்தை அவன் பார்க்கவே இல்லை. திருப்பி, பின்னாலிருக்கும் திருகாணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். கூராக இருந்தால் வைத்துவிட்டான்.

அவள் தூங்கும்போது குத்தக் கூடாதாம்.

ஊரில் யாருக்கு இப்படிப் புருஷன் வாய்க்கும்?

அவளுக்கு அந்த விரல்களைப் பார்க்கவே திக்கென்றிருந்தது. முந்தாநாளிலிருந்து எல்லாமே அப்படித்தான். அவன் சோறு கேட்டபோதும். செருப்பு மாட்டியபோதும். பேருந்தில் அவளுக்கு ஜன்னலோரம் விட்டபோதும்.

மாமியார் வாசல் பக்கத்துச் சோபாவில், கடையில் கொடுத்த குளிர்பானத்தோடு உட்கார்ந்திருந்தாள். காது குத்தச் சொன்னதே அவள்தான். அவர்கள் குலசாமிக்கு மேல்காதில் கொப்பு என்கிற நகை உண்டு. பிள்ளை இல்லாத மருமகள் அதே இடத்தில் குத்தி, ஆறியதும் கொப்பு போட்டுக்கொண்டு சந்நிதியில் போய் நின்றால், வருடம் திரும்புவதற்குள் தொட்டில் ஆடுமாம்.

கல்யாணமான ஒன்பது வருடத்தில் அவள் செய்யாமல் இருந்தது இது ஒன்றுதான். ஊசி, மருந்து, மண்சோறு எல்லாம் ஆயிற்று.

தவசியும் ஒரு தடவை பரிசோதனைக்குப் போனான். தனியாகத்தான் போனான். திரும்பி வந்து, தனக்கு ஒன்றும் இல்லை என்றான்.

அன்றிலிருந்து ஏச்செல்லாம் அவளுக்கு மட்டும். மலடி என்கிற சொல்லை மாமியார் உப்பு புளி மாதிரி அன்றாடம் புழங்கினாள்.

சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து அவளுக்கு வலது காது போய்விட்டது. பெண் பார்க்க வந்த அன்றே சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். தவசிக்குத் தெரியும்.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுப்பது அவள் வழக்கம். கேட்கிற காது தலையணையில் புதைந்துவிடும். அப்புறம் வீட்டையே இடித்தாலும் தெரியாது.

காது குத்திய பிறகு அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. சுவரோரம் கிடந்தவள் கட்டிலின் வெளியோரத்துக்கு மாறி, வலது பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். அவனுக்கு எப்போதும்போல அவளுடைய முதுகுதான் தெரிந்தது. காது மாறிப்போனதை அவன் யோசிக்கவில்லை.

இத்தனை நாளும் வலி மாத்திரை போட்ட தூக்கம். முந்தாநாள் மாத்திரை தீர்ந்திருந்தது.

முதுகுக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது.

"கொறை ஒங்கிட்ட இல்ல புள்ள. எங்கிட்டத்தான். டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. அம்மா ஒன்னய ஏசுறப்பெல்லாம் சொல்லிரணும்னுதான் நெனைக்கிறேன். மன்னிச்சிரு."

எங்கும் தடுக்காமல் சொன்னான். பலமுறை சொல்லிப் பழகிய வாய்.

பிறகு போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டான்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இவன் செவிட்டுக் காதாகப் பார்த்துத்தான் ஊதியிருக்கிறான். எத்தனை வருடமாகவோ.

 அவள் கண்ணைத் திறந்தபடி மரத்துப்போய்க் கிடந்தாள்.

"இதைப் பாரு," என்று கடையில் தவசி ஒரு தோட்டை நீட்டினான்.

கடுகளவு வெள்ளைக் கல். பின்னால் சட்டைப் பொத்தான் மாதிரி தட்டையான திருகாணி.

"இதைப் போட்டா பழையபடி அந்தப் பக்கமே படுத்துக்கலாம்."

அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அவள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான் ஒரு மணி நேரமாகத் தேடியிருக்கிறான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கையில் வாங்கினாள். கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள். குத்தவே இல்லை.

"நல்லாத்தாங்க இருக்கு," என்றாள். "ஆனா அந்தப் பக்கம் படுத்தா, நீங்க ராத்திரி சொல்றது எனக்குக் கேக்காதே."

அவன் முதலில் சிரித்தான்.

பிறகு அவளுடைய வலது காதைப் பார்த்தான். இடது காதைப் பார்த்தான். சிரிப்பு போன இடத்தில் வாய் மட்டும் திறந்திருந்தது. 

"இதுக்கே பில் போட்டுறவாண்ணே?" என்றாள் கடைப் பெண்.



சோபாவிலிருந்து மாமியார் சத்தம் கொடுத்தாள்.

"ஒரு தோடு எடுக்க இம்புட்டு நேரமாடா? அப்படியே கொப்புக்கும் சொல்லி வச்சிரு. இந்த மலடிக்கு அதுலயாவது ஒரு வழி பொறக்குதான்னு பாப்போம்."

கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தவசி எழுந்தான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அம்மா இருந்த பக்கம் நடந்தான்.

அவள் தோட்டைத் தட்டில் வைத்தாள். முடியை ஒதுக்கிவிட்டு, இடது காதை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டாள்.