பதினான்கு அடி

"இந்த வட்டத்த எடுத்துருங்கம்மா. பாலம்னா நேராப் போனாப் போதும்."

அதிகாரி பேனா மூடியை வரைபடத்தின் நடுவில் வைத்தார்.

கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இது ஒன்பதாவது வரைபடம்.

ரயில் பாதையை ஜனங்கள் நடந்து கடக்க ஒரு பாலம். பார்க்கச் சிற்பம் மாதிரி இருக்கட்டும் என்று கேட்டவர்களே இந்த அலுவலகத்துக்காரர்கள்தான். மயில் கேட்டார்கள், வரைந்தாள். மாம்பழம் கேட்டார்கள், அதையும் வரைந்தாள். தோகை போனது, காம்பு போனது. ஒன்பதிலும் அவள் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது அந்த நடுவட்டம் ஒன்றைத்தான். குறுக்கே பதினான்கு அடி.

"அது பரிசல் சார். ஒகேனக்கல் பரிசல். ஜனங்க நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க."

பக்கத்தில் இருந்த பொறியாளர் ராஜப்பன் எட்டிப் பார்த்தார். "நல்லாத்தாங்க இருக்குது. பேப்பர்ல படம் வரும்."

அதிகாரி சிரித்தார்.

"காவேரியில தண்ணி இல்லைன்னு பரிசல ரயிலு மேல ஓட்டறீங்க. நடத்துங்க."

கையெழுத்துப் போட்டார்.

முழங்கால் வலியோடு அவள் மாடிப்படி இறங்கும்போது போன் அடித்தது. தண்டவாளத்தை ஒட்டிய ஊர்க்காரர் கிருஷ்ணப்பன். காலையிலிருந்து மூன்றாவது முறை.

"வட்டம் இருக்குதுங்களாம்மா?"

"இருக்குதுங்க. ஏறவும் எறங்கவும் படி கெடையாது, சரிவுதான்."

"பாடையத் திருப்பலாங்களா?"

"திருப்பலாங்க. நீங்க சொன்ன அளவேதான்."

அந்த ஊருக்குச் சுடுகாடு தண்டவாளத்துக்கு அப்பால். பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்பித் தூக்க வேண்டும். பாதி வழி சரியாகத் தண்டவாளத்தில் வந்து விழுகிறது. வெறும் மூங்கிலோடு நாலு பேரைக் களத்தில் திரும்பச் சொல்லி, பதினான்கு அடி என்று அளந்து கொடுத்தவர் கிருஷ்ணப்பன்தான். மேலே அறையில் இதைச் சொல்லியிருந்தால், பிணம் திருப்பவா பாலம் என்று வட்டம் முதல் வரைபடத்திலேயே போயிருக்கும்.

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். கிருஷ்ணப்பன் போனை வைக்கவில்லை.

"போன மாசம் திருப்பறப்ப கூட்ஸ் வந்துருச்சுங்க. எங்க வூட்டுக்காரிய சல்லி மேலயே வுட்டுட்டு ஓடுனோம்."

"ம்."

"அம்பத்தெட்டுப் பொட்டிங்க. எண்ணிக்கிட்டே நின்னேன். அந்தப் பக்கம் அவ ஒண்டியா."